சுங்கவரி மாறும்போது சரக்கை எந்த வழியில் எடுப்பது? தோட்டப்புறக் கடைகளுக்கான ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் பாத்திரம், சேலை, பூஜைச் சாமான் விற்கும் கடைகளுக்கு ஆண்டு வியாபாரத்தின் பெரும்பங்கு தீபாவளிக்கு முந்திய ஒன்றரை, இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். அந்தச் சரக்கை எடுப்பதற்கான முடிவையோ ஐந்தாறு மாதம் முன்பே எடுத்தாக வேண்டும். ஆர்டர் கொடுத்த நாளுக்கும் சரக்கு துறைமுகத்தில் இறங்கும் நாளுக்கும் நடுவில் வரி மாறலாம், வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு மாறலாம், சரக்கு புறப்படும் நாடு திடீரென்று ஒரு தடை போடலாம். அப்படி மாறினால் அந்தப் பாரம் மொத்த வியாபாரி தலையில் விழுமா, கடைக்காரர் தலையில் விழுமா, தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வரும் குடும்பத்தின் தலையில் விழுமா என்பது, சரக்கை எந்த வழியில் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது.

இந்தப் பக்கத்துச் சில கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி வரும்: “பேசாம கிள்ளான் மொத்த வியாபாரிகிட்டயே எடுத்துடலாமா, இல்ல நாமே நேரா இறக்கலாமா?” என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக இறக்குமதி செய்வது எங்கள் ஊர் அளவுக் கடைக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. கெட்டுப்போகாத, ஆண்டுதோறும் உறுதியாக விற்கும் சரக்கை மட்டும் இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து ஒரே கண்டெய்னரில் எடுக்கலாம். மற்றதெல்லாம் மொத்த வியாபாரியிடம். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

வரி எங்கே, எதன்மேல் விழுகிறது

வெளிநாட்டுச் சரக்கு மலேசியாவுக்குள் வரும்போது இரண்டு வரி இருக்கலாம். ஒன்று இறக்குமதி வரி. மற்றொன்று விற்பனை வரி; பொருளைப் பொறுத்து 5 அல்லது 10 விழுக்காடு, சில பொருளுக்கு விலக்கு. இறக்குமதி வரியைச் சுங்கத்துறை வெறும் சரக்கு விலையின்மேல் போடுவதில்லை. சரக்கு விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி வரும் தொகையின்மேல் போடுகிறது. அப்புறம் அந்தத் தொகையோடு இறக்குமதி வரியையும் சேர்த்து, அந்த மொத்தத்தின்மேல் விற்பனை வரி. வரிக்கு மேல் வரி என்பதால், இறக்குமதி வரி கொஞ்சம் ஏறினாலும் அடக்க விலை அதைவிடக் கூடுதலாக ஏறும்.

கணக்குப் புரிவதற்காக ஓர் எவர்சில்வர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். துறைமுகம் வந்து சேரும்போது 30 வெள்ளி. இறக்குமதி வரி 20 விழுக்காடு, விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைப்போம். (இது உதாரணம். உங்கள் பொருளுக்குரிய விகிதத்தைச் சுங்கத்துறையின் வரிப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) இறக்குமதி வரி 6 வெள்ளி, ஆக 36. அதன்மேல் விற்பனை வரி 3.60. மொத்தம் 39.60. வணிக உடன்பாட்டுச் சலுகையால் இறக்குமதி வரி இல்லை என்றால் அதே அடுக்கு 33 வெள்ளிக்கு இறங்கும். ஓர் அடுக்குக்கு 6.60 வித்தியாசம். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

இன்னொரு விஷயம். 2015 ஏப்ரல் 1 முதல் 2018 வரை இருந்த ஜி.எஸ்.டி.யில் வியாபாரி தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது. 2018 செப்டம்பர் 1இல் திரும்பி வந்த விற்பனை வரியில் அப்படிக் கழிவு இல்லை. துறைமுகத்தில் கட்டியது கட்டியதுதான், நேராக அடக்க விலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளூரில் பொருள் தயாரிப்பவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளி விற்பனை என்று ஒரு வரம்பு உண்டு. இறக்குமதி செய்பவருக்கு அந்த வரம்பு கிடையாது. சின்னக் கடையானாலும் முதல் பெட்டியிலிருந்தே வரி.

2025 ஜூலை 1 முதல் விற்பனை வரியின் வலை விரிந்தது. பட்டுத் துணி, இறக்குமதிப் பழங்களில் பல, வாசனை எண்ணெய்கள், சில இயந்திரங்கள் 5 விழுக்காட்டுக்குள் வந்தன. ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழத்துக்கு அமலுக்கு வரும் சில நாள் முன்புதான் விலக்கு அறிவித்தார்கள். பட்டியல் கடைசி வாரத்தில்கூட மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. ஐந்தாறு மாதம் முன்பே ஆர்டர் போடும் கடைக்காரர் இதையெல்லாம் எப்படி முன்கூட்டிக் கணிப்பார்?

அமெரிக்கா போட்ட வரியைப் பற்றிச் செய்தியில் கேட்டுவிட்டு, “நம்ம சரக்கும் ஏறிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா மலேசியப் பொருள்கள்மேல் போட்ட 19 விழுக்காடு, இங்கிருந்து அங்கே போகும் சரக்குக்கு அங்குள்ள இறக்குமதியாளர் கட்ட வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வரும் பாத்திரத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. சுற்றி வளைத்து வரும் தாக்கம் உண்டு. இந்தியப் பொருளுக்கு அமெரிக்கா அதே மாதக் கடைசியில் 50 விழுக்காடு போட்டபோது, அமெரிக்காவையே நம்பியிருந்த திருப்பூர் ஆலைகளுக்கு வேறு சந்தை தேட வேண்டிய நெருக்கடி வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் விலை பேசினால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும்.

மொத்த வியாபாரியிடம் எடுப்பது

கிள்ளான், பினாங்கு, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா மொத்த வியாபாரிகளிடம் எடுப்பதைப் பலர் ‘அவனுக்கு இலாபம் கொடுக்கிற வேலை’ என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் கண்டெய்னர் கண்டெய்னராக எடுப்பதால் அதே அடுக்கு அவருக்கு 27 வெள்ளிக்கு வந்து சேர்கிறது என்று வைப்போம். வரிச் சலுகைக்கான பிறப்பிடச் சான்றிதழும் (பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் தாள்) சரியாக வைத்திருப்பார். 27உடன் விற்பனை வரி 2.70, மொத்தம் 29.70. அதில் 20 விழுக்காடு இலாபம் வைத்து 35.64க்கு நமக்குத் தருகிறார். அவருடைய இலாபத்தின்மேல் விற்பனை வரி இல்லை, வரி எல்லையிலேயே முடிந்துவிட்டது.

நாமே தனியாக எடுத்தால்? சான்றிதழோடு 33 வெள்ளி. அதோடு ஃபார்வர்டிங் ஏஜெண்ட் (சுங்கத் தாள்களைக் கவனித்துச் சரக்கை எடுத்துத் தருபவர்) கூலி, துறைமுகக் கட்டணம், லோரி வாடகை எல்லாம் சேர்த்து ஓர் அடுக்குக்கு இரண்டு, இரண்டரை வெள்ளி ஆகும். 35, 35.50. ஆக எவ்வளவோ ஓடியாடி மிச்சம் பிடித்தது பதினாலு காசிலிருந்து அறுபத்து நாலு காசு. சான்றிதழில் கோளாறு என்றால் 42 வெள்ளி, அடுக்குக்கு ஆறு வெள்ளிக்கு மேல் கையை விட்டுப் போகும்.

விலையை விடுங்கள். மொத்த வியாபாரி கொடுக்கும் பெரிய வசதி கடன். முப்பது நாள், பழகியவருக்கு அறுபது நாள். நேராக எடுத்தால் ஆர்டரோடு ஒரு முன்பணம், கப்பல் ஏறுமுன் மீதி, சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வருமுன் வரி. பணம் மூன்று தடவை போகும், ஒரு காசு திரும்புவதற்கு முன்னால். தோட்டத்துச் சம்பளம் வந்த பிறகுதான் ஊரில் வியாபாரம் சூடுபிடிக்கும் என்பதை அறிந்த கடைக்காரருக்கு இந்தக் கடனின் அருமை தெரியும்.

குறை இல்லாமலும் இல்லை. வரி ஏறும் என்று செய்தி வந்த மறுநாளே, பழைய வரியில் இறங்கிய சரக்குக்கும் புது விலை சொல்லும் மொத்த வியாபாரிகள் உண்டு. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, மிகை இலாபத் தடுப்புச் சட்டம் அவர்களையும் கட்டுப்படுத்தும், நம்மையும் கட்டுப்படுத்தும். ஆனால் ஒரு தனிக் கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு மொத்த வியாபாரியோடு மல்லுக்கட்ட முடியாது. அதற்குப் பதில், தீபாவளிச் சரக்குக்கு முன்பணம் கொடுக்கும்போதே ஒரு குறிப்பிட்ட தேதிவரை விலை மாறாது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் “வரி ஏறிடுச்சு அண்ணே, நான் என்ன பண்றது” என்பார். எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள்.

நேராக இறக்குவது: எல்லாம் அந்த ஒரு தாளில்

நேரடி இறக்குமதியின் உயிர் பிறப்பிடச் சான்றிதழில் இருக்கிறது. ஆசியான்–இந்தியா உடன்பாடு சரக்குகளுக்கு 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது; அதற்கான தாள் ஃபாரம் ஏ.ஐ. மலேசியா–இந்தியா இருதரப்பு உடன்பாடு 2011 ஜூலை 1இல் வந்தது. அதற்குத் தனிச் சான்றிதழ். இரண்டில் எதில் நம் பொருளுக்குச் சலுகை கூடுதல் என்று பொருளுக்குப் பொருள் பார்க்க வேண்டும். சில பொருள்கள் சலுகைப் பட்டியலிலேயே இருக்காது. ஆசிய–பசிபிக் நாடுகளின் ஆர்.செப் வணிக உடன்பாடு மலேசியாவில் 2022 மார்ச் 18 முதல் நடப்புக்கு வந்தது. இந்தியா 2019 நவம்பரிலேயே அந்தப் பேச்சிலிருந்து விலகிவிட்டதால் இந்தியச் சரக்குக்கு அது உதவாது. சீனச் சரக்குக்கு ஃபாரம் இ. ஆசியான் நாடுகளிலிருந்து என்றால் ஃபாரம் டி.

சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. இந்தியாவில் செய்த பொருள் என்று காட்ட, பொதுவாக அதன் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு உடன்பாட்டு நாடுகளில் சேர்ந்திருக்க வேண்டும். மூலப்பொருளின் குறியீட்டு வகை வேறு, முடிந்த பொருளின் வகை வேறு என்று ஆகியிருக்க வேண்டும். வேறு நாட்டில் செய்ததை வாங்கிச் சென்னையில் பெட்டி மாற்றி அனுப்பினால் சலுகை செல்லாது. கப்பல் வழியில் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ சரக்கை மாற்றி ஏற்றினால், கிளம்பிய இடத்திலிருந்து சேரும் இடம்வரை ஒரே கப்பல் ரசீது இருக்க வேண்டும்.

பெரும்பாலான தலைவலி குறியீட்டு எண்ணில் வருகிறது. பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டின் முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் ஒன்று. ஆசியானில் அது எட்டாகிறது, மலேசியச் சுங்கப் பட்டியலில் பத்து. ஒரு பூஜைச் சாமான் கடையின் சரக்குப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரம் அத்தியாயம் (எண்ணின் முதல் இரண்டு இலக்கம்) 73. அலுமினிய இட்லிக் கொப்பரை 76. ஊதுபத்தி 33. தைக்காத பட்டுச் சேலை துணிக் கணக்கில் 50, தைத்த ரவிக்கை ஆடைக் கணக்கில் வேறு அத்தியாயம். வெட் கிரைண்டர் 85. சரி, பித்தளைக் குத்துவிளக்கு? செம்பு, பித்தளை வீட்டுச் சாமான் என்று 7418இல் போடலாம். உலோகச் சிலை, அலங்காரப் பொருள் என்று 8306 என்பார்கள். மின்சாரம் இல்லாத விளக்கு என்று 9405 என்றும் வாதாடலாம். மூன்றுக்கும் வரி ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இங்கே ஒரு கடைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அனுப்பியவர் பில்லில் ‘பித்தளைப் பொருள்கள்’ என்று ஒரே வரியில் விளக்கு, மணி, தாம்பாளம் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். சான்றிதழும் அதே வரியோடு, ஒரே குறியீட்டோடு வந்தது. இங்கே ஏஜெண்ட் கே1 என்ற சுங்க அறிவிப்புப் பாரத்தில் மூன்றாகப் பிரித்துப் போட்டார், அதுதான் முறை. சுங்கத்துறையில் சான்றிதழும் கே1உம் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். திருத்திய சான்றிதழ் இந்தியாவிலிருந்து வரும்வரை கண்டெய்னர் துறைமுகத்தில் கிடந்தது. இலவச நாள் முடிந்து வாடகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தீபாவளி நெருங்கிவிட்டதே என்று முழு வரியையும் கட்டி எடுத்தார்கள். கட்டியதைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்றாலும் அது அந்த ஆண்டு வியாபாரத்துக்கு உதவவில்லை. பொருள் ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள் என்று அனுப்புபவரிடம் ஆர்டரின்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனையும் தவிர்த்திருக்கலாம்.

குறியீட்டில் சந்தேகம் இருந்தால் சரக்கு கிளம்புமுன் சுங்கத்துறையிடம் முன்தீர்ப்பு கேட்டு வாங்க முடியும். மலாயில் ‘கெத்தெத்தாப்பான் கஸ்டம்’ என்பார்கள். ஆண்டுதோறும் அதே குத்துவிளக்கை எடுப்பவருக்கு இது செலவுக்கும் அலைச்சலுக்கும் தகுந்தது. ஒரு தடவை மட்டும் எடுப்பவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

வரிக்கு வெளியே நிற்கும் வேலிகளும் உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், மிக்ஸி போன்ற மின்சாதனத்துக்கு எரிசக்தி ஆணையத்தின் அனுமதியும் தரச் சான்றான சிரிம் முத்திரையும் வேண்டும். விதை, மூலிகை, காய்ந்த இலை என்றால் தாவர நோய்த்தடுப்புச் சோதனை. தின்பண்டம் என்றால் சுகாதார அமைச்சின் விதிப்படி லேபிள். வரி சுழியமாக இருந்தும் இந்தத் தாள் இல்லாமல் மாட்டிக்கொண்ட சரக்கு உண்டு. மின்சாதனத்தைச் சின்னக் கடைக்காரர் நேராக இறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது நாணயம். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4.80 வெள்ளி. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் 4.12 அளவுக்கு வந்தது. 14 விழுக்காடு. பிப்ரவரியில் டாலரில் பணம் கட்டிச் சரக்கு எடுத்தவர், செப்டம்பரில் எடுத்து அதே தீபாவளிக்கு விற்றவரோடு எப்படிப் போட்டி போடுவார்? வரி மாற்றத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை. மொத்த வியாபாரி வெள்ளியில் விலை சொல்வதால் இந்த ஆபத்து அவரோடு நின்றுவிடுகிறது. நேராக எடுத்தால் நம் வீட்டுக்கு வருகிறது.

சரக்கு கிளம்பும் நாடும் வரி போடும்

நம் நாட்டு இறக்குமதி வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. வெங்காயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இந்தியா 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டது. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்றது. டிசம்பர் 8இல் ஏற்றுமதியையே நிறுத்தியது. 2024 மே மாதம் தடையை எடுத்து, 40 விழுக்காடு வரியோடும் குறைந்தபட்ச விலையோடும் அனுமதித்தது. செப்டம்பரில் வரி 20 ஆனது. 2025 ஏப்ரல் 1இல்தான் முழுதாக நீங்கியது. இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாற்றம். மலேசியச் சுங்கத்துறை இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. எந்த வணிக உடன்பாட்டுச் சான்றிதழும் இதைத் தடுக்காது.

அரிசியும் அப்படித்தான். 2023 ஜூலை 20இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது. இங்கே அரிசி இறக்குமதி பெர்னாஸ் நிறுவனத்தின் கையில் இருப்பதால் நம் கடைக்காரர் நேராக எடுக்கும் பேச்சே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 1இல் பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசி விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. மளிகைக் கடைக்காரர் ஒரு முடிவும் எடுக்காமலே அவர் முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

இதனால்தான் மளிகைச் சரக்கை, அதுவும் அழுகும் சரக்கை, நேராக இறக்கும் ஆசையை விட்டுவிடச் சொல்கிறேன். வாரத்துக்கு எவ்வளவு ஓடுமோ அவ்வளவு, மொத்த வியாபாரியிடம் எடுங்கள். தீபாவளி நேரத்தில் அரசாங்கம் சில பொருளுக்கு உச்சவிலை வேறு வைக்கும். அதிக விலைக்கு வாங்கிக் குவித்தவர் அந்த உச்சவிலைக்குள் விற்க வேண்டிவந்தால் நட்டம்தான்.

மற்ற வழிகள், சுருக்கமாக

சுங்கத்துறை உரிமம் பெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, எடுக்கும்போது மட்டும் வரி கட்டலாம். பணத்தை முடக்காமல் இருக்க நல்ல வழி. ஆனால் அதை வரி ஏற்றத்துக்கு எதிரான பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிடங்கிலிருந்து எடுக்கும் நாளில் என்ன விகிதமோ அதுதான் கணக்கு. குறையும் என்று தெரிந்தால் கிடங்கில் வைத்துக் காத்திருப்பது இலாபம். ஏறினால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டியதுதான். பெரிய இறக்குமதியாளருக்கு ஏற்றது, எங்கள் ஊர்க் கடைக்கு வாடகையே தாங்காது.

நாட்டை மாற்றலாம். சீனாவிலிருந்து எவர்சில்வர் மலிவாகவே வரும், ஃபாரம் இ இருந்தால் வரிச் சலுகையும் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்து அம்மாக்கள் பாத்திரத்தைக் கையில் எடுத்து, விரலால் தட்டி, அடியைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கனம் குறைந்தால் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். டம்ளர், டிபன் கேரியர் போன்ற சில்லறைச் சாமானுக்கு இந்த மாற்றம் சரி. சீர்வரிசைக்கு வாங்கும் பாத்திரத்துக்குச் சரிப்படாது.

ஊருக்குப் போய் வருபவர்கள் பெட்டியில் சேலை கொண்டு வந்து கடைக்குக் கொடுப்பதும் நடக்கிறது. பயணிகளுக்கான விலக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்பதற்குக் கொண்டுவந்து வரி கட்டாமல் தாண்டுவது குற்றம். பிடிபட்டால் சேலையும் போகும், கொண்டு வந்த பிள்ளைக்கும் வழக்கு. எந்தக் கணக்கிலும் இதை ஒரு வழியாக நான் சேர்க்க மாட்டேன்.

இணையக் கடையையும் மறக்கக்கூடாது. 2024 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளி, அதற்குக் குறைந்த பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி வந்தது. அந்தப் பொருளுக்கு இறக்குமதி வரி இல்லை. கடைக்காரர் கண்டெய்னரில் எடுத்தால் இரண்டு வரியும் உண்டு. அதனால், கைபேசியில் 150 வெள்ளிக்குப் பார்த்த சேலையைக் கடையிலும் அதே விலைக்குக் கேட்கும் பெண்ணுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும் என்றால், அந்தச் சேலைக்குச் சலுகைச் சான்றிதழ் கட்டாயம்.

சேர்ந்து எடுப்பது

தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் கன மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அதில் இறங்கும் துறைமுகத்தில் வாங்கும் கட்டணம் பல நேரம் கப்பல் கூலியையே மிஞ்சிவிடும். முழுக் கண்டெய்னர் என்றால் அந்தக் கட்டணம் எல்லாச் சரக்கிலும் பரவி மெலிந்துவிடும். அதே அடுக்கு கூட்டுக் கண்டெய்னரில் 28.50க்கு வருவதாக வைப்போம். சான்றிதழோடு விற்பனை வரி 2.85, மொத்தம் 31.35. மற்றச் செலவு ஒரு வெள்ளி. 32.35. மொத்த வியாபாரியின் 35.64க்கு இதை ஒப்பிட்டால் அடுக்குக்கு மூன்று வெள்ளிக்கு மேல் மிச்சம். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், தோட்டத்துக் குடும்பம் தீபாவளிக்கு நாலு பாத்திரம் வாங்கும்போது அந்த மூன்று வெள்ளியில் பாதியையாவது விலையில் குறைத்துக் கொடுக்க முடியும். எனக்கு இந்த வழி பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

சுங்கை சிப்புட்டுக்குப் பட்டர்வொர்த் பக்கம் இறக்குவது கிள்ளானைவிடக் கிட்டம், லோரிச் செலவு குறையும். ஈப்போ, கோலகங்சார் கடைகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு இருபது அடி கண்டெய்னரை நிரப்புவது சிரமம் இல்லை. ஒருவர் பாத்திரம், இன்னொருவர் விளக்கும் மணியும், மூன்றாமவர் சேலை என்றால் ஒருவருக்கொருவர் போட்டியும் இல்லை.

சேர்ந்து வாங்குவது நம்மவர்களுக்குப் புதிதும் இல்லை. ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், துன் வீ.தி.சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டப் பாட்டாளிகள் சிறு சிறு தவணையாகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர் இந்தச் சுங்கை சிப்புட்காரர்தான். அந்தப் பாட்டாளிகளிடம் இருந்ததைவிட இன்று மூன்று கடைக்காரர்களிடம் பணம் அதிகம். குறைவது, கணக்கை ஒருவருக்கொருவர் திறந்து காட்டும் மனம். சரக்கு எங்கே எடுக்கிறேன், என்ன விலைக்கு எடுக்கிறேன் என்பதை அடுத்த கடைக்காரருக்குச் சொல்ல நம்மவர்கள் தயங்குகிறார்கள். கூட்டுக் கண்டெய்னர் நடக்காமல் போவதற்கு நான் பார்த்தவரை வரியைவிட இதுவே பெரிய காரணம்.

இறங்குவது என்று முடிவு செய்தால் சிலவற்றை முதலிலேயே எழுத்தில் வையுங்கள். யார் பெயரில் கே1 போடுவது என்பது முதல் கேள்வி. சுங்கத்துறையின் கண்ணில் அவர் ஒருவர்தான் இறக்குமதியாளர். பிற்பாடு தணிக்கையில் குறியீடு தவறு என்றோ மதிப்பைக் குறைத்துக் காட்டியதாகவோ வந்தால் நோட்டீசு அவர் பெயருக்குத்தான் வரும். பத்திரங்களை ஏழு ஆண்டுவரை வைத்திருக்க வேண்டியவரும் அவரே. ஆகவே வரி, அபராதம், துறைமுக வாடகை எது வந்தாலும் சரக்கு மதிப்பின் விகிதப்படி மூவரும் ஏற்பது என்று கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருடைய பொருளின் குறியீட்டால்தான் தகராறு வந்தது என்றால் அந்தப் பங்கு மட்டும் அவருடையது. பில்லும் சான்றிதழும் மூன்று பேருடைய சரக்கையும் தனித்தனி வரியாகக் காட்ட வேண்டும். அவற்றின் நகலைக் கப்பல் கிளம்புமுன் இங்குள்ள ஏஜெண்டிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே மீதிப் பணத்தை அனுப்புங்கள். அப்புறம், ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வரிக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடுங்கள். சான்றிதழ் சிக்கினாலும் முழு வரியையும் கட்டி உடனே சரக்கை எடுக்க அது போதுமான அளவுக்கு இருக்க வேண்டும். எங்கள் உதாரணக் கணக்கில் சரக்கு மதிப்பில் 32 விழுக்காடு. அந்தத் தொகையை ஒதுக்க மூன்று பேராலும் முடியாத ஆண்டில் கண்டெய்னர் வேண்டாம், மொத்த வியாபாரியிடமே எடுத்துக்கொள்ளுங்கள்.